ஒரு குண்டுக்கு ஒரு துணி: மஸில்லோடரை ரேஞ்சிலேயே துடைத்துப் பராமரிப்பது

சுடும் பயிற்சி நடக்கும் ரேஞ்சில், என் மஸில்லோடரில், அதாவது குழல் வாய் வழியாகவே வெடிமருந்தும் குண்டும் கெட்டிக்கும் பழைய பாணித் துப்பாக்கியில், ஏழாவது குண்டு பாதியில் நின்றுவிட்டது. மருந்து போட்டாயிற்று, துணியில் சுற்றிய ஈயக் குண்டைக் குழல் வாயில் வைத்துத் தட்டியாயிற்று, கோலால் தள்ளிக்கொண்டே போகிறேன். மருந்துக்கு நான்கு விரற்கடை மேலே வந்ததும் சுவரில் முட்டியது போல நின்றது. முழு எடையையும் கோல் மேல் போட்டேன். அசையவில்லை. ஜூலை மாத வெயிலில் கை வழுக்குகிறது, பக்கத்து மேஜைக்காரர்கள் வேறு பார்க்கிறார்கள். "இப்படியே கேப் மாட்டிச் சுட்டுவிட்டால் வெளியே போய்விடாதா?" என்று ஒரு நினைப்பு வந்தது. கேப் என்பது அடிபட்டதும் வெடித்து மருந்துக்கு நெருப்புக் கொடுக்கும் சின்ன உலோகத் தொப்பி.

நல்லவேளையாக என்னை அங்கே கூட்டிப்போன பக்கத்து வீட்டுப் பெரியவர் கூடவே நின்றார். துப்பாக்கியின் மேல் கை வைத்து, "கோலில் கோடு எங்கே?" என்று கேட்டார். எனக்கு எந்தக் கோடு என்றே புரியவில்லை. "இதுவரை எத்தனை முறை துடைத்தாய்?" இதற்குப் பதில் தெரியும். ஒரு முறைகூட இல்லை. வீட்டுக்குப் போய்ச் சுத்தம் செய்துகொள்ளலாம் என்று இருந்தேன்.

மருந்துக்கும் குண்டுக்கும் நடுவே இடைவெளி இருக்கும்போது சுட்டால், நடுவழியில் நிற்கும் குண்டு அடைப்பாக மாறிவிடும். குழல் வீங்கலாம், வெடிக்கவும் செய்யலாம். முன்பக்கக் குழலைத் தாங்கியிருக்கும் இடது கைதான் முதலில் போகும். அன்றைக்கு ரேஞ்ச் ஆபீசரை அழைத்து, தடித்த எஃகுக் கோலால் அளந்து அளந்து தட்டி, குண்டை மருந்து மேல் உட்கார வைத்த பிறகுதான் சுட்டோம். திரும்பும் வழி முழுக்க நான் பேசவில்லை.

இது நடந்து சில வருடங்கள் ஆகின்றன. நான் இருப்பது ஒஹாயோவில், சின்சினாட்டிக்குப் பக்கத்தில். எல்லையைத் தாண்டி இண்டியானாவுக்குள் சுமார் ஒரு மணி நேரம் ஓட்டினால் ஃப்ரெண்ட்ஷிப் என்று ஒரு குக்கிராமம் வரும். 1933-இல் தொடங்கிய தேசிய மஸில்லோடர் ரைஃபிள் சங்கத்தின் ரேஞ்ச் அங்கேதான் இருக்கிறது. வருடாவருடம் தேசியப் போட்டிகளும் அங்கேதான். முதல் தடவை போனபோது மலையடிவாரம் முழுக்கத் தீபாவளிக் காலை வாடை. ஊரை விட்டு வந்த பிறகு அந்த வாடையை மூக்கு அவ்வளவு அடர்த்தியாக உணர்ந்தது அங்கேதான். இந்த விளையாட்டில் நான் சிக்கிக்கொண்டதும் அப்படித்தான். என்னிடம் இருப்பது பழையதாக வாங்கிய லைமன் கிரேட் ப்ளெய்ன்ஸ் ரைஃபிள்; .50 காலிபர், அதாவது துளை 12.7 மில்லிமீட்டர், கேப் வைத்து வெடிக்கும் வகை. கீழே சொல்வதெல்லாம் அதை வைத்துக் கற்றது. தொழிலில் நான் தரப் பரிசோதகன், எதையும் அளந்து பார்க்காவிட்டால் தூக்கம் வராது. அந்தக் குணம் இந்த விளையாட்டில் கொஞ்சம் உதவியது.

இதில் போடுவது கருமருந்து. அதில் முக்கால் பங்கு வெடியுப்பு, மீதி கரியும் கந்தகமும். நவீனத் தோட்டா மருந்து எரிந்தால் கிட்டத்தட்ட எல்லாமே வாயுவாகப் போய்விடும். கருமருந்து அப்படி இல்லை. எரிந்த எடையில் பாதிக்கு மேல் திடப்பொருளாகவே மிஞ்சுகிறது. கொஞ்சம் புகையாகப் பறக்கும், மீதி குழலுக்குள்ளேயே படியும். படிவது வெறும் கரி என்று நினைத்துவிடாதீர்கள். அதில் பெரும்பகுதி பொட்டாசிய உப்புகள். உப்பு காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும், ஈரம் எஃகைத் தின்னும். துரு பிடிப்பதற்கான காரணமும் இதுதான், அதைத் தடுக்கும் வழியும் இதற்குள்ளேயே இருக்கிறது. உப்பு என்றால் தண்ணீரில் கரையும். கடையில் விற்கும் எந்த விலையுயர்ந்த கரைப்பானை விடவும் கருமருந்துக் கசடுக்குச் சாதாரணத் தண்ணீர் நன்றாக வேலை செய்யும்.

நான் ஆரம்பத்தில் செய்த இரண்டாவது தப்பு இங்கேதான் வருகிறது. துப்பாக்கி என்றால் எண்ணெய் என்று மனதில் பதிந்துபோயிருந்தது. சாதாரண மெஷின் எண்ணெயைத் துணியில் நனைத்துக் குழலுக்குள் விட்டேன். அந்த மாதிரி எண்ணெயும் சூடான கருமருந்துக் கசடும் சேர்ந்தால் தார் மாதிரி ஒன்று உருவாகிறது. அதை எடுக்க அரை நாள் ஆனது. ரேஞ்சில் இருக்கும்வரை மெஷின் எண்ணெயைக் குழலுக்குப் பக்கத்திலேயே கொண்டுபோகாதீர்கள். அது வீட்டில், கழுவி உலர்த்திய பிறகு, கடைசியில் பூசுவதற்கானது.

சரி, ரேஞ்சில் எதற்காகத் துடைக்கிறோம்? பளபளவென்று சுத்தமாக்க அல்ல. அதை வீட்டில் பார்த்துக்கொள்ளலாம். ஒவ்வொரு குண்டும் குழலுக்குள் இறங்கும்போது அதே நிலையில் இருக்கும் குழலைச் சந்திக்க வேண்டும், அவ்வளவுதான். முதல் குண்டு சுத்தமான குழலிலும், ஐந்தாவது குண்டு கரி அப்பிய குழலிலும் போனால் அழுத்தம் வேறு, வேகம் வேறு. இலக்கு அட்டையில் இரண்டும் ஒரே இடத்தில் விழ எப்படி முடியும்? பெரியவர் சொல்லிக்கொடுத்ததில் எனக்கு நன்றாக உறைத்தது இதுதான். எவ்வளவு துடைக்கிறாய் என்பதை விட ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி துடைக்கிறாயா என்பதைத்தான் அவர் பார்ப்பார். இரண்டு துணி என்றால் ஒவ்வொரு குண்டுக்கும் இரண்டு துணி. ஒரு முறை நான்கு, அடுத்த முறை சோம்பேறித்தனத்தில் ஒன்று என்று மாற்றினால் அட்டை காட்டிக்கொடுத்துவிடும்.

துணியிலிருந்தே தொடங்குகிறேன். துடைக்கும் துணி பருத்தியாக இருக்க வேண்டும். மீதி எதுவும் பெரிய விஷயமில்லை. நான் பயன்படுத்துவது பழைய வேட்டி. ஊரிலிருந்து கொண்டுவந்த நான்கு முழ வேட்டிகள் கரை பிய்ந்ததும் சதுரம் சதுரமாக வெட்டப்பட்டுப் பெட்டிக்குள் போய்விடும். ஏறக்குறைய இரண்டங்குலச் சதுரம். அடிக்கடி துவைத்த பருத்தி தண்ணீரை உடனே உறிஞ்சும், குழலின் உட்சுவரில் சுருளாக ஓடும் வரிகளுக்குள் நன்றாக இறங்கும். குண்டைச் சுற்றிச் சுடும் துணிக்கும் வேட்டியைப் போட்டுப் பார்க்கலாமே என்று ஆசைப்பட்டேன். தடிமன் அளக்கும் காலிப்பர் கருவியில் வைத்ததுமே தெரிந்துவிட்டது, அது மிக மெல்லியது. சுட்டால் கிழிந்து எரிந்துபோகும். சுடும் துணிக்கு நெருக்கமாக நெய்த தலையணைக் கோடுத்துணி வேண்டும்; என் .490 குண்டுக்கு .018 அங்குலத் தடிமன், அதாவது அரை மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு, நன்றாக ஒத்துப்போகிறது. பாலியெஸ்டர் கலந்த எதையும் இரண்டுக்குமே தொடாதீர்கள். சூட்டில் உருகி வரிகளில் ஒட்டிக்கொள்ளும்.

கோல் விஷயத்திலும் ஒரு வார்த்தை. துப்பாக்கியோடு வரும் மரக்கோல் அழகாக இருக்கும், காட்டில் நடக்கும்போது அதுதான் வசதி. ரேஞ்சில் ஒரு நாளைக்கு நாற்பது முறை கீழே போய் மேலே வரும் வேலைக்கு அது வேண்டாம். மரம் நாரோட்டத்தில் சாய்வாகப் பிளந்தால் ஈட்டி முனை மாதிரி உள்ளங்கையில் ஏறும். எஃகிலோ பித்தளையிலோ தனியாக ஒரு ரேஞ்ச் கோல் வாங்கிக்கொள்ளுங்கள். கூடவே குழல் வாயில் உட்காரும் பித்தளை வளையமும் வேண்டும். கோல் வாயின் ஓரத்தில் உரசிக்கொண்டே இருந்தால் நாளடைவில் வரிகளின் முனை தேயும். குண்டு கடைசியாக விடைபெறும் இடம் அது, அங்கே ஒரு பக்கம் தேய்ந்தாலும் குறி போய்விடும்.

கோலின் முனையில் திருகும் வரிவரியான பித்தளைத் துண்டுதான் ஜாக். நான் வீட்டுக்கு ஒன்று, ரேஞ்சுக்கு ஒன்று என்று இரண்டு வைத்திருக்கிறேன். ரேஞ்சுக்கானது முடியளவு சிறியது. அதனால் துணி கீழே போகும்போது கசடின் மேல் வழுக்கிக்கொண்டு போகும். மேலே இழுக்கும்போது ஜாக்கின் வரிகளில் சுருண்டு தடித்து, கசடை வாரிக்கொண்டு வரும். இறுக்கமான ஜாக்கைப் போட்டால் கசடு முழுவதையும் கீழே தள்ளி, நெருப்பு வர வேண்டிய துவாரத்தின் வாயிலேயே குவித்துவிடுவோம். அப்புறம் கேப் வெடிக்கும், துப்பாக்கி வெடிக்காது.

இனி துடைக்கும் முறை. சுட்டவுடன் ஒரு நிமிடம் சும்மா நிற்பேன். உள்ளே ஏதாவது கனல் மிச்சமிருந்தால் அணையட்டும் என்பது ஒரு காரணம், அட்டையைத் தொலைநோக்கியில் பார்க்க ஆசை என்பது இன்னொன்று. துப்பாக்கியை நிமிர்த்தித் தாங்கியில் வைத்து, முகத்தைக் குழல் வாய்க்கு நேராகக் கொண்டுபோகாமல் ஒதுங்கி நின்றுகொள்வேன். வெடித்த கேப் நிப்பிள் மேலேயே, அதாவது கேப் உட்காரும் துளையுள்ள சின்ன முளை மேலேயே, இருக்கட்டும்; கேப்பை அடிக்கும் சுத்தியான குதிரையும் அதன் மேலேயே படிந்திருக்கட்டும். பலர் கேப்பை முதலிலேயே எடுத்துவிடுகிறார்கள். எடுக்காமல் விட்டால் கீழ்ப்பக்கம் அடைபட்டிருக்கும். துணி இறங்கும்போது உள்ளே இருக்கும் காற்று ஒரு மெத்தை போல நின்று, ஈரமும் கசடும் நிப்பிள் துவாரத்துக்குள் நுழையாமல் தடுக்கும். இதைக் கடைப்பிடிக்கத் தொடங்கிய பிறகு எனக்கு வெடிக்காமல் போகும் தொல்லை பாதிக்கு மேல் குறைந்துவிட்டது.

துணியை நனைத்து விரல்களுக்கு நடுவில் நன்றாகப் பிழிய வேண்டும். தொட்டால் ஈரம் தெரிய வேண்டும், அழுத்தினால் சொட்டக் கூடாது. புதிதாக வருபவர்கள் எல்லோரும் இங்கே தவறுகிறார்கள். தண்ணீர் அதிகமானால் அது வழிந்து அடியில் தேங்கி அடுத்த மருந்தை நனைக்கும். ஈரத் துணியைக் குழல் வாயில் வைத்து, ஒரே சீராக அடிவரை தள்ளுங்கள். அடியில் மூன்று எண்ணும்வரை நிறுத்துங்கள், கசடு ஊறட்டும். பிறகு ஒரே இழுப்பில் மேலே. முன்னும் பின்னும் பல் தேய்ப்பது போல இழுக்காதீர்கள். துணியைத் திருப்பிப்போட்டு மறுபக்கத்தால் இன்னொரு முறை. அப்புறம் காய்ந்த துணி ஒன்று, அதுவும் ஒரே முறை. முடிந்தது. மொத்தம் ஒரு நிமிடம்கூட ஆகாது.

இப்போது குதிரையைப் பாதி இழுத்து, வெடித்த கேப்பை எடுத்துவிடுவேன். கேப் சில சமயம் பூப் போல விரிந்து துண்டு துண்டாகிக் குதிரையின் குழியில் ஒட்டிக்கொள்ளும், அதையும் தட்டிவிட வேண்டும். ஐந்தாறு குண்டுக்கு ஒரு முறை மெல்லிய கம்பியால் நிப்பிள் துளையைக் குத்தி விடுகிறேன். காலையில் கூடவே ஒரு வேலை: எண்ணெய் பூசி வைத்திருந்த துப்பாக்கி என்பதால், மருந்து போடுவதற்கு முன் காய்ந்த துணியால் எண்ணெயைத் துடைத்து எடுத்துவிட்டு, வெறும் கேப் இரண்டு மூன்று வெடிப்பேன். சுடும் வரிசையில் நின்று, குழல் வாயை இலக்குப் பக்கத்துத் தரையில் ஒரு புல்லுக்கோ சருகுக்கோ அருகில் காட்டி வெடித்தால், அது ஆட வேண்டும். ஆடினால் வழி திறந்திருக்கிறது. ஆடாவிட்டால் அடைப்பு, மருந்தைத் தொடாதீர்கள்.

பழைய அமெரிக்க வேட்டைத் துப்பாக்கிப் பாணியான ஹாக்கன் வகையில் பலவற்றில், என்னுடையது உட்பட, குழலின் அடியில் குழலை விடக் குறுகலான ஒரு சின்ன அறை இருக்கிறது. .50 ஜாக் அதன் வாசலில் நின்றுவிடும், உள்ளே போகாது. முதல் வருடம் முழுவதும் எனக்கு இப்படி ஓர் அறை இருப்பதே தெரியாது! வெளியே வரும் துணி வெள்ளையாக இருக்கிறது, ஆனால் இருபதாவது குண்டுக்கு மேல் கேப் மட்டும் படார் என்கிறது. சின்ன காலிபர் பிரஷ் ஒன்றில் துணியைச் சுற்றி விட்டபோது கரிச்சட்டி அடியைச் சுரண்டியது போல வந்தது. உங்கள் துப்பாக்கி ஹாக்கன் மாதிரி என்றால், பத்துப் பதினைந்து குண்டுக்கு ஒரு முறை அந்த அறைக்கும் ஒரு துணி விடுங்கள்.

எதில் நனைப்பது என்பதற்கு ஆளுக்கொரு கஷாயம் உண்டு. எச்சில் தொட்டே வாழ்நாள் முழுக்கச் சுட்டவர்கள் இருக்கிறார்கள், அது நன்றாகவே வேலை செய்யும். கையில் ஈயம் பட்டிருக்கும் இடத்தில் வாயில் துணி வைப்பது எனக்குச் சரிப்படவில்லை. கார் கண்ணாடி கழுவும் நீலத் தண்ணீரை விடுபவர்களும் உண்டு. என் புட்டியில் இருப்பது தண்ணீரும் பாலிஸ்டாலும் சேர்ந்த பால் நிறக் கலவை. பாலிஸ்டால் தண்ணீரோடு கலக்கும் ஜெர்மன் எண்ணெய். ஒரு பங்குக்கு ஏழு பங்கு தண்ணீர். இதே கலவையில் சுடும் துணியை ஊறவைத்து, தட்டையாக உலர்த்தினால் தண்ணீர் போய் எண்ணெய் மட்டும் துணியில் சீராகத் தங்கும். அதுவே குண்டு இறங்க வழுக்கலும் கொடுக்கும். குளிர்காலத்தில் தண்ணீர்க் கலவை உறைந்துபோகிறது என்பதால் டிசம்பரில் மட்டும் மருந்துக்கடை ஆல்கஹாலுக்கு மாறிவிடுவேன். அதைப் போட்ட பிறகு முழுக்கக் காய்ந்துவிட்டதா என்று பார்க்காமல் மருந்து போடக் கூடாது.

ஒரு சின்னத் திசைதிருப்பல். "குழலைக் கழுவவே கூடாது, இயற்கைக் கொழுப்பை மட்டும் பூசிப் பூசிப் பழக்கிவிட வேண்டும், தோசைக்கல் மாதிரி" என்று ஒரு கட்சி உண்டு. அவர்கள் தோசைக்கல் என்று சொல்லவில்லை, வார்ப்பிரும்பு வாணலி என்பார்கள். எனக்கு இதைக் கேட்டதும் குஷியாகிவிட்டது, இது நம் வீட்டுச் சமாச்சாரம் ஆயிற்றே. ஆனால் தோசைக்கல் பழகுவது எண்ணெய் அதிகச் சூட்டில் இறுகிப் படலமாவதால். அந்தக் கல்லை நாம் தினமும் உப்பிலும் கந்தகத்திலும் புரட்டி எடுப்பதில்லை. குழலுக்குள் படிந்த கொழுப்புப் படலத்துக்கு அடியில் உப்பு மாட்டிக்கொண்டால் துரு அங்கேயே நிம்மதியாகக் குடியிருக்கும். இன்றைய எஃகுக் குழலைப் பழக்க வேண்டியதில்லை. கழுவி, உலர்த்தி, எண்ணெயிட்டால் போதும். இதில் என்னோடு சண்டைக்கு வருபவர்கள் ரேஞ்சில் நிறையப் பேர் இருக்கிறார்கள், வரட்டும்.

வானிலை இதில் பெரிய ஆள். காற்றில் ஈரம் இருக்கும் ஜூன் காலையில் கசடு மெத்தென்று இருக்கும், ஒரு துணிக்கே வந்துவிடும். காய்ந்த நாளில், முக்கியமாகப் பின்மதிய வெயிலில் குழல் சூடேறியதும், அதே கசடு அடிப்பிடித்த குழம்பு மாதிரி இறுகும். அப்படிப்பட்ட நாளில் ஊதாங்குழல் உதவும். செம்பிலோ பிளாஸ்டிக்கிலோ ஒரு சின்னக் குழாயைத் துப்பாக்கி வாயில் செருகி, ஒதுங்கி நின்று இரண்டு மூன்று முறை ஊதினால், மூச்சின் ஈரம் கசடை இளக்கிவிடும். எங்கள் ரேஞ்சில் வாயை நேரடியாகக் குழலில் வைத்து ஊதத் தடை. குழாய்க்கு அனுமதி உண்டு. உங்கள் ரேஞ்சில் விதி என்ன என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். விறகடுப்பு ஊதிப் பழகிய என் அம்மா வீடியோ அழைப்பில் இதைப் பார்த்துவிட்டு, "இதுக்கா அமெரிக்கா போனே?" என்றார்.

ரேஞ்சில் எல்லோரும் சுடுவதை நிறுத்தி, முன்னே போகலாம் என்று சொன்னதும், அட்டைக்கு ஓடுவதற்கு முன் தரையைப் பாருங்கள். சுட்ட துணிகள் பத்துப் பன்னிரண்டு எட்டுத் தூரத்தில் கிடக்கும். அவற்றைப் படித்தால் குழலுக்குள் என்ன நடக்கிறது என்று தெரியும். நடுவில் வட்டமாகக் கரி, ஓரம் பிசிறினாலும் துணி முழுசாக இருந்தால் எல்லாம் சரி. நடுப்பகுதி எரிந்து ஓட்டையாகியிருந்தால் துணி மெல்லியது, அல்லது வழுக்கல் போதவில்லை. வட்டத்தைச் சுற்றி வரிசையாக வெட்டுகள் இருந்தால் வரிகளின் ஓரமோ குழல் வாயின் ஓரமோ கூர்மையாக இருக்கிறது. புதுத் துப்பாக்கியில் இது சகஜம், சுடச் சுடக் குறையும். ஆரம்பத்தில் நன்றாக இருந்த துணி போகப் போகக் கிழிந்து வந்தால், நீங்கள் துடைப்பது போதவில்லை என்று அர்த்தம்.

மாட்டிக்கொள்ளும் சமயங்களுக்கு வருவோம். துணியோடு ஜாக் நடுக்குழலில் சிக்கினால் பதறி இழுக்காதீர்கள். குழலுக்குள் கொஞ்சம் கலவையை ஊற்றி இரண்டு நிமிடம் விட்டு, வலப்பக்கமாக மட்டும் திருகிக்கொண்டே இழுங்கள். இடப்பக்கம் திருகினால் ஜாக் கோலிலிருந்து கழன்று உள்ளேயே தங்கிவிடும். ஒரு முறை எனக்கு ஆகியிருக்கிறது, அன்றைய பொழுது அதோடு சரி. துணி மட்டும் கழன்று உள்ளே விழுந்தால் அதற்கென்று புழு என்று ஒரு கருவி உண்டு. இரட்டைக் கம்பிச் சுருள், கோல் முனையில் திருகிச் சுழற்றினால் துணியைக் கவ்விக்கொண்டு வரும்.

மருந்து போட மறந்து குண்டை மட்டும் இறக்குவது எல்லோரும் ஒரு நாள் செய்வது. அரட்டை அடித்துக்கொண்டே கெட்டித்தால் கட்டாயம் நடக்கும். முதலில் குண்டு அடிவரை போயிருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் தள்ளி உட்கார வையுங்கள். பிறகு நிப்பிளைக் கழற்றி, அந்தத் துளை வழியாகச் சிட்டிகை மருந்தை உள்ளே தட்டி, நிப்பிளைத் திரும்ப இறுக்கி, இலக்குப் பக்கம் காட்டிச் சுட்டால் குண்டு சோம்பலாக வெளியே போய் விழும். கார்பன் டையாக்சைடு வாயுவால் தள்ளும் சின்னக் கருவியும் கடையில் கிடைக்கிறது.

என் ஏழாவது குண்டு மாதிரி, மருந்துக்கு மேலே இடைவெளி விட்டு நின்றால், கேப் மாட்டாதீர்கள், ரேஞ்ச் ஆபீசரைக் கூப்பிடுங்கள். தடித்த கோலால் மெல்லத் தட்டி இறக்கப் பாருங்கள், கோலுக்கு நேராகத் தலையோ உடம்போ இருக்கக் கூடாது. இறங்கவே இல்லையென்றால் நிப்பிள் வழியாகத் தண்ணீர் விட்டு மருந்தைச் சேறாக்கிய பிறகே ஈயத்தில் ஏறும் திருகால் குண்டை வெளியே இழுக்க வேண்டும். காய்ந்த மருந்தின் மேல் இருக்கும் குண்டைத் திருகி இழுக்கக் கூடாது. கேப் வெடித்தும் துப்பாக்கி வெடிக்கவில்லை என்றாலும் குழல் இலக்கைப் பார்த்தபடியே ஒரு முழு நிமிடம் அசையாமல் இருங்கள். தாமதமாக வெடிப்பதுண்டு.

பெரியவர் கேட்ட கோடு இதற்கெல்லாம் காவல். காலிக் குழலில் கோலை அடிவரை விட்டு, வாய் மட்டத்தில் ஒரு கோடு. 70 கிரெய்ன் மருந்து, அதாவது சுமார் நாலரை கிராம், அதன் மேல் குண்டு சரியாக உட்கார்ந்த நிலையில் இன்னொரு கோடு. ஒவ்வொரு முறையும் இரண்டாவது கோடு வாய் மட்டத்துக்கு வருகிறதா என்று பார்க்க ஒரு நொடி ஆகும். கோடு ஒரு நெல்லளவு மேலேறத் தொடங்கினால் அடியில் கசடு சேர்கிறது.

கேப்புக்குப் பதில் கல் உரசும் பொறியால் வெடிக்கும் பிளின்ட்லாக் வைத்திருப்பவர்களுக்குக் குழல் வேலை இதேதான். கூடவே கல்லின் முனையையும், கல் உரசும் எஃகுத் தகட்டையும் ஒவ்வொரு குண்டுக்கும் கட்டைவிரலில் துணி சுற்றித் துடைக்க வேண்டும், பக்கத் துளையைக் கம்பியால் குத்த வேண்டும். நெருப்பு பின்னாலிருந்து நேராக வரும் புதுப் பாணி இன்லைன் துப்பாக்கிகளில், கருமருந்துக்குப் பதிலாக விற்கும் மாற்று மருந்துகள் சிலவற்றைப் போட்டால், மருந்துக்கு மேலே குண்டு உட்காரும் இடத்தில் வளையமாக ஒரு பொருக்கு கட்டும். அது துணியில் தட்டுப்படும் இடத்தில் குட்டிக் குட்டி இழுப்பாக இழுத்துக் கரைக்க வேண்டும். மாற்று மருந்துகள் குழலைத் துருப்பிடிக்க வைக்காதவை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அதே அன்று கழுவுங்கள்.

அன்றே கழுவுவது என்றால் அன்றேதான். ரேஞ்சை விட்டுக் கிளம்பும் முன் மூன்று ஈரத் துணி, இரண்டு காய்ந்த துணி, கலவையில் ஒரு துணி விட்டுவிட்டுத்தான் வண்டியில் வைப்பேன். சோறு தண்ணீருக்கு முன் கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவுவதும் இதில் சேர்த்தி, ஈயம் தொட்ட கை.

வீட்டில், குழலை மரத்தோடு பிடித்திருக்கும் ஆப்புகளை உருவி, கொக்கியாக மாட்டியிருக்கும் பின்முனையை விடுவித்து, குழலை மரத்திலிருந்து தனியே எடுக்கிறேன். நிப்பிளைக் கழற்றி, குழலின் அடிப்பாகத்தை வெதுவெதுப்பான தண்ணீர் வாளியில் நிறுத்தி, பாத்திரம் கழுவும் சோப்பு இரண்டு சொட்டு விட்டு, துணி சுற்றிய இறுக்கமான ஜாக்கை மேலும் கீழும் இழுத்தால், அடிகுழாய் போல நிப்பிள் துளை வழியாகத் தண்ணீர் ஏறி இறங்கும். முதல் வாளி மை மாதிரி வரும், அழுகின முட்டை வாடையோடு. கந்தகத்தின் வேலை. சமையலறைத் தொட்டியில் ஒரு முறை இதைச் செய்துவிட்டு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். இப்போது கார் ஷெட்டோடு சரி. கொதிக்கும் தண்ணீர் வேண்டும் என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். நானும் செய்து பார்த்தேன், குழல் தானே காய்ந்துவிடுகிறது என்பது உண்மை. ஆனால் காய்வதற்குள் உள்ளே ஆரஞ்சு நிறத்தில் மெல்லிய துரு பூத்துவிடுகிறது. வெதுவெதுப்பே போதும்.

தண்ணீர் தெளிவாக வரும்வரை, எனக்கு வழக்கமாக மூன்று வாளி. காய்ந்த துணிகளை வறண்டு வரும்வரை விட்டு, அடி அறைக்குத் தனியாக ஒன்று விட்டு, ஈரத்தைத் தள்ளும் ஸ்ப்ரே அடித்து, அதையும் துடைத்துவிட்டு, கடைசியில் துருத்தடுப்பு எண்ணெய். நிப்பிள் மரையில் கொஞ்சம் கிரீஸ், இல்லாவிட்டால் அடுத்த முறை கழற்ற மல்லுக்கட்ட வேண்டும். வருடத்துக்கு மூன்று நான்கு முறை குதிரையை இயக்கும் பொறியான பூட்டையும் கழற்றிப் பழைய டூத்பிரஷ்ஷால் தேய்த்துச் சுழலும் இடங்களில் ஒரு சொட்டு எண்ணெய் விடுகிறேன்.

அப்புறம் வாய் கீழே பார்க்கும்படி சாய்த்து வைப்பேன், மிச்ச எண்ணெய் நிப்பிள் பக்கம் வடியாமல் இருக்க. மறுநாள் சாயங்காலம் ஒரு வெள்ளைத் துணி விட்டுப் பார்ப்பது வழக்கம். அது லேசாகத் தேநீர்க் கறை நிறத்தில் வந்தால் எங்கோ உப்பு மிஞ்சியிருக்கிறது, மறுபடி வாளி. வெள்ளையாக வந்தால் திரும்ப எண்ணெய் பூசி வைத்துவிட்டு, மூன்றாம் நாள் இன்னொரு முறை. போன வாரத்துத் துணி இரண்டு நாளும் வெள்ளையாகவே வந்தது. வேட்டிதான் தீர்ந்துகொண்டிருக்கிறது, அடுத்து ஊரிலிருந்து வருபவர்களிடம் சொல்லியிருக்கிறேன்.